அள்ள அள்ளக் குறையாத ஊர்

கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ ஊர்கள் உண்டு. எது தீர்ந்தாலும் தன் வீட்டுக்குத் தீராமல் பார்த்துக்கொள்ளும் திறமையில் சுபாங் ஜெயாவை மிஞ்ச ஓர் ஊர் இல்லை. 2022 நவம்பர் 15 அன்று உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டுவிட்டதாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. இத்தனை பேருக்கும் தண்ணீர் போதுமா, நிலம் போதுமா, நெல் போதுமா என்று உலகெங்கும் கணக்குப் பார்த்தார்கள். நம் ஊர் பதறவில்லை. அன்று மாலையும் கெசாஸ் நெடுஞ்சாலையில் ஆளுக்கொரு கார் என்று வரிசை பிடித்து நின்றோம். பேரங்காடிகளில் குளிர் குறையவில்லை. தாமான்களில் வாசல் கழுவிய தண்ணீர் வழக்கம்போல் கால்வாயில் ஓடியது.

இப்படிப்பட்ட நெஞ்சுரத்தைப் பாராட்டாமல் இருந்தால் நன்றி கெட்டவன் ஆவேன். இந்த ஊரின் சோற்றைத் தின்றவன், இதன் குழாய்த் தண்ணீரைக் குடித்தவன் என்ற உரிமையில் அதன் பெருமைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் பெருமை மண்ணுக்கு. இன்று எஸ்.எஸ். என்றும் யூ.எஸ்.ஜே. என்றும் எண் போட்டு அழைக்கிற இடங்களில் பெரும்பகுதி ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டம். பால்மரம் நின்றது, பின்னால் செம்பனை நின்றது. விடியுமுன் பெரட்டுக்கு வந்து நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவப் போனவர்கள் நம்மவர்கள். 1976-ல் வீடமைப்பு தொடங்கியது. 1988 முதல் யூ.எஸ்.ஜே. எழுந்தது. 1997-ல் நகராண்மைக் கழகம் வந்தது, 2020 அக்டோபரில் அதுவே மாநகர் மன்றமாக உயர்ந்தது. அதே ஆண்டுக் கணக்கெடுப்பில் மன்றத்தின் எல்லைக்குள் ஏறத்தாழ 9 லட்சம் பேர். ஒரு தோட்டம் மாநகராக அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. இவ்வளவு வேகமாகவும் இவ்வளவு சுத்தமாகவும் வேலையை முடித்த ஊர் அபூர்வம். தெருக்களுக்கு மரத்தின் பெயரோ மனிதரின் பெயரோ வைத்துப் பழைய நினைவைக் கிளறாமல், எண்களாலேயே நிரப்பியிருக்கிறோம். இங்கே தோட்டம் இருந்ததா என்று பிள்ளைகள் கேட்டால் காட்டுவதற்கு யூ.எஸ்.ஜே. 25-ல் மாரியம்மன் கோயில் இருக்கிறது, தோட்டம் போன பிறகும் தோட்டத்தின் பெயரை விடாத சீபீல்டு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. நாடெங்கும் தோட்டங்கள் டவுனாக மாறியபோது, லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்த பெரும்பாலோர் மீது நிலச் சொந்தம் என்கிற பாரத்தை யாரும் ஏற்றவில்லை. கைவீசிக்கொண்டு போக விட்டார்கள். மண்ணை எடுத்துக்கொண்டு மனிதரை இத்தனை லேசாக அனுப்பி வைப்பதற்குத் தனிப் பக்குவம் வேண்டும்.

இரண்டாவது பெருமை பள்ளத்துக்கு. பக்கத்தில் சுங்கைவேயில் வெள்ளீயம் தோண்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகத்துக்கே மிக அதிகமாக ஈயம் கொடுத்தது நம் நாடுதான். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் கடனில் மூழ்கி, விலை தரைதட்டி, சுரங்கங்கள் வரிசையாக மூடின. பேராக்கிலும் சிலாங்கூரிலும் பல ஊர்கள் ஈயக்குட்டைகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தன. நம் பக்கம் அந்தப் பள்ளத்தில் செயற்கை அலை அடித்தது. 1993-ல் சன்வே லகூன் திறந்தது. தோண்டியெடுக்க ஒன்றும் மிஞ்சாத இடத்தில் நுழைவுச்சீட்டு விற்கத் தெரிந்தவர்களை யார்தான் மெச்சமாட்டார்கள்?

இந்த ஈயம் வேறொரு கதையிலும் வருகிறது. 1980-ல் அமெரிக்காவில் இரண்டு பேராசிரியர்கள் பந்தயம் கட்டினார்கள். ஜனம் பெருகப் பெருக உலோகம் அரிதாகி விலை ஏறும் என்றார் பால் எர்லிக். மனித மூளை இருக்கும்வரை எதுவும் அரிதாகாது, விலை இறங்கும் என்றார் ஜூலியன் சைமன். செம்பு, குரோமியம், நிக்கல், ஈயம், டங்ஸ்டன் என்று ஐந்து உலோகங்களை எடுத்துக்கொண்டார்கள். பத்தாண்டு கழிந்தது. எர்லிக் தோற்று, 576 டாலர் சொச்சத்துக்குக் காசோலை அனுப்பினார். சைமனின் வெற்றிக்கு ஈய விலையின் வீழ்ச்சியும் கைகொடுத்தது. கிந்தா பள்ளத்தாக்கிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வேலை போன சுரங்கத் தொழிலாளியின் அடுப்பு எப்படி எரிந்தது என்பது அந்தப் பந்தயத்தில் சேரவில்லை. சேறு படிந்த ஆறும் சேரவில்லை. விலை இறங்கினால் வளம் குறையவில்லை என்று பொருள். உலகம் அப்படித்தான் முடிவு செய்தது. அந்த முடிவின் மேல் கட்டடம் எழுப்பிக் குடியேறிக் காட்டியது நம் ஊர்.

மூன்றாவது பெருமை தண்ணீரில். ஊரின் சாமர்த்தியம் கொடிகட்டிப் பறப்பது இங்கேதான்.

இது வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற மண். சென்னைக்குக் கிடைப்பது 1,400 மில்லிமீட்டரை ஒட்டிய மழை. பாவம், அந்த ஊர் பயந்த சுபாவம் உள்ளது. கூரை மழையைச் சேமித்தே ஆகவேண்டும் என்று 2003-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அப்படியும் 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றிவரும் நிலை ஏற்பட்டது. நமக்கும் பாடம் படிக்க வாய்ப்புக் கிடைத்தது. 1998 வறட்சியில் கிள்ளான் பள்ளத்தாக்கு மாதக்கணக்கில் பங்கீட்டுத் தண்ணீரில் வாழ்ந்தது. மறு ஆண்டே மழைநீர் சேகரிப்புக்கு அரசாங்கம் வழிகாட்டி நூல் வெளியிட்டது. நூலைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். வரிசை வீடுகளின் வாசலில் ஒரு பீப்பாயைத் தேடிப் பாருங்கள், தெருத்தெருவாக நடக்க வேண்டியிருக்கும்.

பிற்பகல் நான்கு மணிவாக்கில் வானம் கறுத்து இடி இறங்கும்போது, யூ.எஸ்.ஜே.யின் எந்த வரிசை வீட்டின் முன்னாலும் நின்று பாருங்கள். கூரையின் தண்ணீர் முழுவதும் தாழ்வாரக் குழாயில் இறங்கி, வாசல் கால்வாயில் நுரைத்துப் பாய்கிறது. கால் மணி நேரத்தில் கால்வாய் நிறைந்து பழுப்பு நிறத்தில் சுழித்துக்கொண்டு கிள்ளான் ஆற்றுக்கு ஓடுகிறது. மழை விடுகிறது. கேட் திறக்கிறது. வீட்டுக்காரர் ரப்பர் குழாயை இழுத்து வந்து, மழையில் நனைந்த காரின் மேல் தண்ணீர் அடிக்கிறார். அந்தத் தண்ணீர் பெரும்பாலும் சிலாங்கூர் ஆற்றிலிருந்து வருவது. கோலகுபு பாருவின் மலையடியில் தேக்கி, ஆற்றோடு இறக்கி, மருந்து போட்டுச் சுத்தம் செய்து, மின்சாரம் செலவழித்துத் தள்ளிக்கொண்டு வந்த தண்ணீர். மேலே விழுந்ததைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, மலையிலிருந்து வந்ததைச் சக்கரத்துக்கு வார்க்கிறோம். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரிகூடத் தன் பறம்புமலைச் சுனையைக் காருக்குக் கொடுத்ததில்லை.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 165 லிட்டர் போதும் என்று தேசியத் தண்ணீர்ச் சேவை ஆணையம் ஓயாமல் சொல்கிறது. மலேசியர் 200 லிட்டருக்கு மேல் செலவழிக்கிறோம். சுத்தம் செய்த தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பழைய குழாய்களின் கசிவிலும் திருட்டிலும் காசு வராமல் போய்விடுகிறது என்பது நாடு முழுவதற்குமான கணக்கு. கையும் குழாயும் ஒருசேரத் தாராளமாக இருப்பது எல்லா ஊருக்கும் வாய்க்காது.

இந்தத் தாராளத்துக்கு ஒரு மாநிலத்து ஆறு பற்றவில்லை. உடனே இன்னொரு மாநிலத்தின் ஆற்றைத் திருப்பினோம். பகாங்கின் செமந்தான் ஆற்றிலிருந்து தித்திவாங்சா மலைத்தொடரைத் துளைத்து 44.6 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் குடைந்து, 2014-ல் முடித்தார்கள். நாளொன்றுக்கு 189 கோடி லிட்டர் கொண்டுவரும் வல்லமை அதற்கு. தென்கிழக்காசியாவிலேயே நீளமான தண்ணீர்ச் சுரங்கம் என்று மார்தட்டிக்கொள்ளலாம். ஜோலார்பேட்டை ரயில் இதற்குமுன் எம்மாத்திரம்!

இந்த வெற்றியில் நம்மோடு பங்கு கொண்டவர்கள் சிலர் உண்டு. சிலாங்கூர் ஆற்று அணைக்காக கெராச்சி, பெரேத்தாக் கிராமங்களின் தெமுவான் பூர்வகுடிகள் காலங்காலமாக வாழ்ந்த இடத்தை விட்டு எழுந்தார்கள். பகாங்கில் கெலாவ் அணைக்காகவும் பூர்வகுடிக் குடும்பங்கள் இடம் மாறின. அவர்களுடைய டுரியான் மரங்கள், மீன் பிடித்த துறை, முன்னோரைப் புதைத்த மேடு எல்லாம் நம் குளியலறைக்கு வரும் வழியில் இருந்தன. எழுந்து போனவர்கள் நம் பெயரைச் சொல்லித் திட்டியதில்லை, அவர்களுக்கு நம் பெயர் தெரியாது. அவர்கள் பெயர் நமக்கும் தெரியாது. கொடுத்தவர் யாரென்று தெரியாமலே வாங்கிக்கொள்ள முடிகிற இந்த ஏற்பாட்டில் யாருக்கும் மனச்சங்கடம் இல்லை.

நம் ஊரின் ஒழுக்கத்தையும் சொல்ல வேண்டும். 2020 செப்டம்பர் தொடக்கத்தில், கோவிட் காலத்தின் நடுவே, கையைக் கழுவு கையைக் கழுவு என்று நாடே சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் தொழிற்சாலைக் கழிவு கலந்தது. சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். பள்ளத்தாக்கில் சுமார் 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. அந்த நாட்களில் நம் ஊரைப் பார்த்திருக்க வேண்டும். தண்ணி லாரி வந்தால் வாளி வரிசை அடுக்குமாடியைச் சுற்றிப் போகும். "அண்ணே, வீட்டுல பச்சப்புள்ள இருக்கு" என்றால் மறுபேச்சில்லாமல் வாளியை முன்னால் தள்ளி விட்டார்கள். அரை வாளியில் குளித்தோம். அரிசி களைந்த தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றினோம். துணி அலசிய தண்ணீரைக் கழிப்பறைக்குச் சேர்த்தோம். தோட்டத்தில் பொதுக்குழாயில் முறை வைத்துப் பிடித்து வளர்ந்த பாட்டிமார்களுக்கு இதெல்லாம் கைப்பழக்கம், நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆளுக்கு எத்தனை லிட்டரில் ஒரு நாளை ஓட்டலாம் என்று எந்த ஆணையமும் நிரூபிக்காததை நம் ஊர் நாலைந்து நாளில் நிரூபித்தது. குழாயில் தண்ணீர் வந்ததும் அந்த நிரூபணத்தைத் தண்ணீரோடு ஊற்றிவிட்டோம். கற்றதை இத்தனை சீக்கிரம் மறக்கும் வரம் வேறு யாருக்கு உண்டு?

நான்காவது பெருமை சாப்பாட்டில். இந்த நாடு தின்னும் அரிசியில் கணிசமான பங்கு வெளியிலிருந்து வருகிறது. 2023-ல் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை நிறுத்தியது. பிறகு நம் நாட்டுக்கென்று 1,70,000 டன்னுக்கு விலக்குக் கொடுத்தது. அதே வருஷக் கடைசியில் வெங்காய ஏற்றுமதிக்கும் தடை வந்தது. சாம்பார் கொதிக்கும் ஒவ்வொரு வீட்டிலும் நாசிக் விவசாயியின் கையை நம்பித்தான் அடுப்பு எரிகிறது என்று அப்போது தெரிந்தது. தெரிந்தும் தளர்ந்தோமா? நாட்டில் ஒரு நாளைக்குச் சுமார் 17,000 டன் உணவு குப்பைக்குப் போகிறது, அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இன்னும் தின்னத் தகுந்தது என்று திடக்கழிவு நிர்வாகக் கழகம் சொல்கிறது. நம் கல்யாண மண்டபங்களில் பந்தி முடிந்த பிறகு பின்கட்டுக்குப் போய்ப் பாருங்கள். தொடாத இட்லி, கை வைக்காத பிரியாணி, மூடி திறக்காத தண்ணீர்ப் போத்தல் எல்லாம் ஒரே கறுப்புப் பையில் இறங்குகின்றன. இல்லையென்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக நூறு பேருக்கு நூற்றைம்பது பேர் சாப்பாடு போடுகிறோம். விருந்தோம்பலில் தமிழனுக்கு இணை இல்லை என்பதற்குக் குப்பைத் தொட்டியே சாட்சி சொல்கிறது.

அந்தக் குப்பை எங்கே போகிறது என்பதிலும் நம் கெட்டிக்காரத்தனம் தெரியும். முன்பு பூச்சோங்கின் ஆயர் ஈத்தாமில் கொட்டினார்கள். வீடுகள் நெருங்கின, நாற்றம் நெருங்கியது, 2006 முடிவில் அதை மூடினார்கள். பிறகு கோல சிலாங்கூர் மாவட்டத்தின் ஜெராம் பக்கம் போயிற்று. நாற்றம் குறையவில்லை, தள்ளிப் போயிற்று. அதே ஆயர் ஈத்தாமின் காடு 1906 வாக்கில் நாலாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்தது. இன்று மிஞ்சியது சுமார் 1,200 ஹெக்டேர். புத்ரா பல்கலைக்கழகம் 1996-ல் 80 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்துப் பாடம் நடத்துவதால் அதுவாவது நிற்கிறது. நமக்கு வெளிச்சமும் குளிரும் தருகிற மின்சாரத்தில் பாதியளவு இறக்குமதி நிலக்கரியில் பிறக்கிறது. புகைபோக்கி காப்பாரில் இருப்பதால் சுபாங் ஜெயாவின் வானம் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. 2018-ல் பணக்கார நாடுகளின் பிளாஸ்டிக் ஜென்ஜாரோமில் வந்து குவிந்து எரிந்தபோது, அந்த மக்கள் இருமிக்கொண்டே புகார் எழுதினார்கள். மேல்நாட்டுக் குப்பை நம் நாட்டுக்கு வருவதா என்று நாமும் சேர்ந்து கோபப்பட்டோம். கோபம் முழுக்க நியாயம். நம் குப்பை ஜெராமுக்குப் போவதைப் பற்றி ஜெராம்காரர்கள் அதே கோபத்தோடு கேட்டால் சொல்வதற்கு நம்மிடம் பதில் இருக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

ஐந்தாவது பெருமை, இருப்பதிலேயே பெரியது. ஜனப்பெருக்கத்தைப் பற்றி நாம் பேசும் ஞானம்.

மாமாக் கடையில் தே தாரேக் ஆறுவதற்குள் உலகத்தின் நோய்க்குக் காரணம் கண்டுபிடித்துவிடுவோம். ஆப்பிரிக்காவில் அதிகம் பெறுகிறார்கள், இந்தியாவில் அதிகம் பெறுகிறார்கள், வங்காளதேசிகள் வந்து குவிகிறார்கள், இப்படியே போனால் பூமி தாங்காது. சொல்பவருக்கு அதற்கான தகுதி உண்டு. பிள்ளைப்பேற்றில் நம் கட்டுப்பாடு மெச்சத்தக்கது. 1970-ல் ஒரு மலேசியப் பெண் சராசரியாக ஐந்து பிள்ளைகளை ஒட்டிப் பெற்றாள். இப்போது இரண்டுக்கும் கீழே. நம் இந்தியர்களிடையே 1.2-ஐ ஒட்டி இறங்கிவிட்டது. 1980-களில் பிரதமர் மகாதீர் இந்த நாட்டுக்கு 7 கோடி மக்கள் வேண்டும் என்று கொள்கை வகுத்தார், குடும்பங்கள் அதைப் பணிவோடு மறுத்துவிட்டன. லயத்து ஒற்றை அறையில் பாட்டி எட்டுப் பிள்ளைகளை வளர்த்தாள். அவள் பேரன் இரண்டு மாடி வீட்டில் ஒரு பிள்ளையை வளர்க்கிறான்.

பாட்டியின் எட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து தின்றது, எரித்தது, கழுவியது, எறிந்தது எவ்வளவு? அவர்களுக்கு ஒரு பொதுக்குழாய், இரண்டு மண்ணெண்ணெய் விளக்கு, ஒரு மிதிவண்டி. பேரனின் ஒற்றைப் பிள்ளைக்குக் குளிரூட்டிய அறை, அப்பாவுக்கு ஒன்று அம்மாவுக்கு ஒன்று என்று கார், பிள்ளை கல்லூரிக்குப் போகும் வயதில் மூன்றாவது. மூன்றாவது காரை நிறுத்த இடமில்லாமல் கால்வாய் மேல் சிமெண்டுப் பலகை போட்டு நிறுத்துகிறோம். 2021-ல் இந்த நாட்டில் பதிவான வாகனங்களின் எண்ணிக்கை 3 கோடியே 30 லட்சத்தைத் தாண்டி, மக்களின் எண்ணிக்கையையே முந்திவிட்டது. மனிதப் பெருக்கத்தை அடக்கி வாகனப் பெருக்கத்தைச் சாதித்த நாடு என்று உலகத்துக்கு நாம் பாடம் நடத்தலாம்.

மலேசியர் ஒருவரின் பேரில் வருஷத்துக்கு வெளிவரும் கரியமில வாயு 8 டன்னை ஒட்டி. வங்காளதேசத்தவர் ஒருவரின் பேரில் ஒரு டன்னுக்கும் கீழே. யார் பெருகியதால் பூமி தாங்கவில்லை என்று மாமாக் கடையில் பேசுகிறோமோ, அவர்தான் நம் கொண்டோவின் இருபதாவது மாடிக்குக் கம்பி கட்டினார். கட்டட வேலை நடக்கும் இடத்தில், தகரக் கொங்சியில், ஓர் அறைக்குப் பத்துப் பேராக இருந்தார். ஒரே தொட்டியில் மொண்டு குளித்தார். ஒரே அடுப்பில் பருப்பு வேகவைத்துப் பகிர்ந்து தின்றார். மிச்சத்தை ஊருக்கு அனுப்பினார். கொண்டோ முடிந்ததும் கொங்சியைப் பிரித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போனார். இந்தப் பூமி 800 கோடிப் பேரைத் தாங்குகிறது என்றால், அவரைப் போலக் குறைவாக எடுப்பவர்கள் கோடிக்கணக்கில் இருப்பதால் தாங்குகிறது. அவரிடம் சிக்கனத்தைப் பற்றி எடுத்துச் சொல்லும் தைரியம் நமக்கு இருக்கிறது. அதைத் துணிச்சல் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

ஐ.நா. சபை 2024-ல் வெளியிட்ட கணிப்பின்படி, 2080-களின் நடுவில் உலக மக்கள்தொகை 1,030 கோடியை ஒட்டி உச்சம் தொட்டு, அதன்பின் மெல்ல இறங்கும். பிள்ளைப்பேறு பல நாடுகளில் தானாகவே குறைந்துகொண்டு வருகிறது, நம் வீடுகளே அதற்குச் சாட்சி. ஏறிக்கொண்டே போவது வேறொன்று. பிறக்கிற ஒவ்வொரு பிள்ளையும் சுபாங் ஜெயாப் பிள்ளையைப் போல வாழ வேண்டும் என்று அதைப் பெற்றவர்கள் விரும்புகிறார்கள். லாகோஸில் விரும்புகிறார்கள், டாக்காவில் விரும்புகிறார்கள், விழுப்புரத்தில் விரும்புகிறார்கள். விரும்புவதில் குற்றமில்லை. நாம் எந்த வாழ்க்கையைக் காட்டுகிறோமோ அதைத்தான் கேட்கிறார்கள். அந்தளவுக்கு உலகத்துக்கு முன்மாதிரி ஆகிவிட்டோம். 1,030 கோடிப் பேரும் நம்மைப் போல வாழ எத்தனை மலைத்தொடரைத் துளைக்க வேண்டும் என்பதை அவர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

தைரியத்துக்கு இன்னும் இரண்டு சாட்சிகள். 2021 டிசம்பர் 18 அன்று ஓயாத மழையில் கிள்ளான் ஆற்றோரத்து தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. மாடி வரைக்கும் தண்ணீர். கூரை மேல் ஏறி உதவிக்குக் கத்தினார்கள். ஆற்றின் இரு கரையிலும் மண் தெரியாமல் தார் போட்டு, சிமெண்டு போட்டு, விழுகிற துளியை எல்லாம் அந்த ஆற்றுக்கே விரட்டிவிடும் ஊர்களில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. பின்பு 2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலை. புத்ரா ஹைட்ஸில் பூமிக்கடியில் போகும் எரிவாயுக் குழாய் வெடித்துத் தீ வானளாவ எழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் காயம்பட்டார்கள். வீடுகள் உருகிக் கருகின. கிழக்குக் கரையின் கடலடியிலிருந்து எடுக்கும் வாயு நம் காலடியில் வருகிறது என்பது நம்மில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது. எதை எரிக்கிறோம், அது எந்த வழியாக வருகிறது என்று கேட்காமல் அத்தனை வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம்.

அந்த இரண்டு நாளிலும் நான் பார்த்ததை மறைக்க முடியாது. ஸ்ரீ மூடாவுக்கு யார் யாரோ படகு கொண்டுபோனார்கள். சோறு பொட்டலம் கட்டக் கோயில் மண்டபங்களும் குருத்துவாராக்களும் முன்வந்தன. புத்ரா ஹைட்ஸ் பள்ளிவாசல் எல்லா இனத்தவருக்கும் கதவைத் திறந்து வைத்தது. இந்த ஊருக்கு ஈரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கண்ணுக்கு முன் ஒருவர் தவித்தால் கையிலிருப்பதைக் கொடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் தவிப்பவர் என்றால், அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே மனிதர்கள் செய்கிறோம். வலி இதில்தான் இருக்கிறது.

நம் திறமையின் மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. மலையைத் துளைத்தோம், பள்ளத்தை நிரப்பினோம், இரண்டு தலைமுறைக்குள் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பாதிக்கும் கீழே இறக்கினோம். சிலாங்கூரில் மக்கள் ஒன்றுசேர்ந்து வேண்டாம் என்று சொன்னால் அரசாங்கம் இறங்கி வந்ததும் உண்டு. கோல லங்காட் வடக்கு வனப்பகுதியின் கரிச்சதுப்புக் காட்டை வளர்ச்சிக்குக் கொடுப்பதாக இருந்தார்கள். அங்கே வாழும் தெமுவான் மக்களும், சுற்றுச்சூழல் அமைப்புகளும், ஆட்சேபக் கடிதம் எழுதிய பல்லாயிரம் பேரும் விடவில்லை. ஒரு பகுதியின் பாதுகாப்பை நீக்கிவிட்ட பிறகும் விடவில்லை. 2021 செப்டம்பரில் மந்திரி பெசார் அமிருதீன் ஷாரி அந்த முடிவை மீட்டுக்கொள்வதாக அறிவித்தார். எந்தப் பூர்வகுடியிடமிருந்து தண்ணீரை வாங்கிக்கொண்டோமோ, அதே குடியினர் நமக்கும் சேர்த்து ஒரு காட்டைக் காப்பாற்றினார்கள். அது நின்றால் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு மூச்சுக்காற்று, வெள்ளத்துக்கு ஒரு தடுப்பு.

அந்தத் திறமையில் ஒரு பங்கைத்தான் கேட்கிறேன். கூரைத் தாழ்வாரத்தின் கீழே ஒரு பீப்பாய் வையுங்கள், காரை அந்தத் தண்ணீரில் கழுவுங்கள். கசியும் குழாயைக் கண்டால் படம் எடுத்து, தண்ணீர் விநியோகிக்கும் ஆயர் சிலாங்கூருக்கு அனுப்புங்கள், மாற்றும்வரை விடாதீர்கள். பந்திக்கு இலையை எண்ணிப் போடுங்கள், மிஞ்சியதைக் கறுப்புப் பைக்கு முன் கொங்சிக்கு அனுப்புங்கள். மாநகர் மன்றக் கூட்டத்தில் புதிய கொண்டோவுக்கு அனுமதி கேட்டு வந்தால், அதன் தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து, அதன் மழை எந்த ஆற்றுக்கு, அதன் குப்பை எந்த ஊருக்கு என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் வராமல் எழுந்து வராதீர்கள். 2020 செப்டம்பரில் அரை வாளியில் வாழ்ந்து காட்டியவர்களுக்கு இது ஒன்றும் பெரிய காரியம் அல்ல.

பிறர் வீட்டுத் தொட்டில்களை எண்ணுவதை நிறுத்திவிட்டு, நம் வீட்டுத் தண்ணீர்மானியை ஒரு மாதம் எண்ணிப் பார்ப்போம். அந்த மாதத்துக் கணக்கை வைத்துக்கொண்டு சுபாங் ஜெயாவை ஒளிவுமறைவில்லாமல் பாராட்ட முதல் ஆளாக நான் வருகிறேன். அந்தப் பாராட்டுக்கு இந்த ஊர் தகுதியானது என்று மனமார நம்புவதால்தான் இத்தனையும் எழுதினேன்.